அணையாத சிவப்புப் புள்ளி

"சீ! உந்தச் சனியனை என்ர கண்ணில காட்டாதேங்கோ!"

துப்பாக்கி என்றாலே மனைவி தவமணிக்கு அருவருப்பு. அதனால் ஸ்ரீதரன் தன் செமி ஓட்டோமற்றிக் பிஸ்டலுக்குத் தேடித்தேடி வாங்கிய ரெட் டொட் சைற்றை, குறிபார்க்க ஒற்றைச் சிவப்பு ஒளிப்புள்ளி காட்டும் அந்தக் கண்ணாடியை, வீட்டில் பொருத்திப்பார்க்கவில்லை. துப்பாக்கி சுடும் போட்டியன்று ரேஞ்சில்தான் பூட்டினான்.

கண்ணாடிக்குள் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான். ஒன்றுக்கு இரண்டு சிவப்புப் புள்ளிகள்! ஒன்று கூராக, மற்றது கலங்கி ஊதிப்போய்.

"தூ! குப்பைச் சாமான்."

"ஓஃப் பண்ணிப் பார் மச்சான்," என்றான் கூட வந்த மரியோ.

ஓஃப் பண்ணினான். கூர்ப்புள்ளி அணைந்தது. ஊதின புள்ளி அப்படியே நின்றது.

"கடைக்காரன்ர மூஞ்சியில எறியிறன் பார்!"

மரியோ கண்ணாடியை விரலால் தடவினான். விரல் சிவந்தது.

"இதென்னடா, மணக்குது?"

ஸ்ரீதரன் மோந்து பார்த்தான். சந்தனம், குங்குமம். நேற்று வீட்டில் ஆயுத பூசை. சைற் சாப்பாட்டு மேசையில்தான் கிடந்தது.

உடனே தவமணிக்குப் போன் எடுத்தான். "நீர்தானே உதைக் கண்டாலே அருவருப்பு எண்டனீர்?"

"ஓம், இப்பவும்தான். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பொட்டு வைச்சனான். ஆனா நீங்கள் தோத்துப்போய் வந்து உம்மெண்டு இருக்கிற மூஞ்சி, அதைவிட அருவருப்பு!"