தூணோரப் பெஞ்சு

செத்துப்போனவள் பெண்கள் பக்கத்துத் தூணோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் பச்சியப்பன் மேலே புரொஜெக்டர் அறைச் சுவரின் ஓட்டை வழியாகப் பார்த்தார்; கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே ஒற்றைப் பின்னல், அதே கனகாம்பரம்.

பின்னல் மட்டும் நரைத்திருந்தது. பேய்க்குக் கூடவா நரைக்கும்?

பாப்பிரெட்டிப்பட்டியில் பாதிப் பேரை அவருக்குப் பின்மண்டையாகத்தான் தெரியும். படம் ஓட்டுகிறவனுக்கு எவன் முகத்தைக் காட்டுகிறான்? டீக்கடையில் எதிரே வந்து கும்பிடுகிறவரைப் பார்த்து விழிப்பார். ஆள் திரும்பி நடந்தால்தான் பெயர் ஞாபகம் வரும்.

வாலிபத்தில் வாராவாரம் மேட்னிக்கு வந்தது அந்தப் பின்னல். இறங்கிப் போய் முகத்தைப் பார்க்கலாமென்றால் ரீல் மாற்ற ஆளில்லை. உண்மையைச் சொன்னால், தைரியமும் இல்லை. அவருக்குக் கல்யாணமான தை மாதத்தோடு பின்னல் வருவது நின்றுபோனது. அதே மாதம் சித்தேரி மலையடிவாரத்தில் யாரோ ஒரு பெண் கிணற்றில் விழுந்துவிட்டதாகப் பேச்சு. அவள்தான் என்று அவராகவே முடிவுகட்டினார். அன்றிலிருந்து அந்தப் பெஞ்சுப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

யாரிடம் சொல்ல? மனைவி தீர்த்தம்மாள் நல்லவள். வீட்டில் எந்நேரமும் முக்காடு விலகாத கொண்டை. தெருவில் அவருக்குப் பின்னால்தான் நடப்பாள். அவளிடம் போய் இன்னொருத்தியின் பின்னலைப் பற்றிப் பேச முடியுமா?

"கருப்பண்ணா, உள்ள யாரயாச்சும் வுட்டியா?"

"படமே இல்ல, எவன் வருவான்?" வாசலிலிருந்து காவலாளி கத்தினான். "நாளைக்கி இடிக்கறாங்க. இனி பேயி வந்தாத்தான் உண்டு. உன் சாமான எடுத்துக்கினு வெரசா எறங்குண்ணா, பூட்டணும்!"

நாளைக்கு இடித்துவிட்டால் பாவம், அவள் எங்கே போய் உட்காருவாள்? இன்றைக்கு விட்டால் அந்த முகம் தெரியாமலே தானும் போய்ச்சேர வேண்டியதுதான். பாதி பயத்திலும் பாதி மூட்டுவலியிலுமாகச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

பெஞ்சுக்குப் பின்னால் நின்று கைகூப்பினார். "தாயி... ஒருதரம் மொகத்தக் காட்டு தாயி."

பின்னல் திரும்பியது.

"இன்னாங்க இது, பொண்டாட்டியப் போயி தாயின்னுக்கிட்டு?" என்றாள் தீர்த்தம்மாள்.

"நீ... நீ எதுக்கு இங்க வந்த?"

"பின்கதவு தொறந்து கெடந்துச்சு. இடிக்கறதுக்குள்ள ஒருக்கா குந்திட்டுப் போலாம்னு வந்தேன்." வெட்கத்தோடு பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கண்ணாலத்துக்கு முந்தி இதுதாங்க என் எடம்."