இருநூறாவது ஆள்

"காளை கிடைச்சானா, அழகு?"

கே.கே. நகர் கிளினிக்கின் மாடியறைக்குள் அழகுபாண்டி நுழைந்ததும் டாக்டர் ஹம்சவேணி கேட்ட முதல் கேள்வி அதுதான். இந்த வாரத்தில் மூன்றாவது முறை.

"வீடு மாறிப் போயிட்டான்னு சொல்றாங்க மேடம்."

"பக்கத்து எஸ்.டி.டி. பூத் நம்பராவது வாங்கி வச்சிருக்கக் கூடாதா?"

டாக்டர் கையில் காளையின் படிவம் இருந்தது. சாப்பாட்டுக்கே பயந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் நோயைக் கண்டுபிடிக்க முப்பது கேள்விகள். பெண்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆண்களிடம் கேட்டாலும் அவை நோயைச் சரியாகக் காட்டுமா என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. இருநூறு ஆண்களிடம் படிவம் நிரப்பி வாங்குவது அழகுபாண்டியின் வேலை.

"இதப் பாரு. 'சாப்பிட்டு முடித்ததும் தப்புச் செய்தது போல் இருக்கிறதா?' எப்போதும்னு போட்டிருக்கான். முப்பதுல இருபத்தேழு இப்படித்தான். இவன விட்டா ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிரும்."

அழகுபாண்டி சுவரைப் பார்த்தான். காளை என்று ஒருவன் இருந்தால்தானே கிடைப்பான்?

நூற்று எண்பத்தெட்டுப் படிவங்கள் நேர்மையாக வந்தவை. அதற்கப்புறம் சிம்மக்கல் மொத்தக் கடைகளில் சுமை இறக்குகிறவர்கள் சிரித்தே விரட்டிவிட்டார்கள். "மாப்ள, இதெல்லாம் பொம்பளப் பிள்ளைகளக் கேக்கணும். மூடை தூக்குறவன்கிட்ட வந்து சோறு பயமா இருக்கான்னு கேக்குற!"

கெடு முடிய ஒரு நாள்தான் இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மிச்சப் பன்னிரண்டையும் அவனே நிரப்பினான். பேனாவைக் கடித்துக் கடித்து யோசித்ததில் பதினொன்றுக்கே ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. கடைசிப் படிவம் மட்டும் பேனாவை எடுக்காமல் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. பெயர் காளை, ஊர் விளாங்குடி.

காளையைப் பற்றிக் கேட்டதற்கு மறுநாள் மத்தியானம் டாக்டர் வியர்த்து விறுவிறுத்து வந்து நாற்காலியில் சரிந்தார். செருப்பெல்லாம் புழுதி.

"நானே விளாங்குடிக்குப் போயிட்டு வாரேன். நாலு தெரு அலைஞ்சேன். ஒரு அம்மா, 'எம் மகன் பேரும் காளைதான், அவனுக்கு என்னம்மா வியாதி?'ன்னு அழுக ஆரம்பிச்சிருச்சு." டிபன் பாக்ஸை அவன் பக்கம் தள்ளினார். "வெயில்ல எனக்கு எறங்கல. இந்த இட்லிய நீ சாப்பிடு."

"இப்பத்தான் சாப்பிட்டேன் மேடம்."

முகம் தெரியாத அந்த அம்மாவின் அழுகை அவன் நெஞ்சை அறுத்தது. இதற்கு மேல் தாங்காது.

"மேடம், அப்படி ஒருத்தனே இல்ல. கடைசிப் பன்னெண்டும் நான் எழுதுனது. மன்னிச்சிருங்க."

டாக்டர் படிவக் கட்டை முன்னால் இழுத்தார். "ஒரு பொய் கலந்தா அம்புட்டும் குப்பைடா. ரெண்டு வருச உழைப்பு!"

"தெரியும் மேடம். நாளையிலருந்து வரல."

அவர் பன்னிரண்டு படிவங்களையும் கட்டிலிருந்து உருவினார். ஒவ்வொன்றின் குறுக்கேயும் சிவப்பு மையால் கோடு இழுத்தார். காளையின் படிவத்துக்கு வந்ததும் கை நின்றது. 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்ற இடத்தில் எழுதியிருந்ததை மெதுவாகப் படித்தார்.

"'பந்தியில் இலை போட்டதும், பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி உள்ளங்கை வியர்க்கிறது.' இத எந்தப் புத்தகத்தப் பாத்து எழுதுன?"

"எதையும் பாக்கல மேடம். சும்மா, மனசுல வந்தத எழுதுனேன்."

டாக்டர் அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். அவன் வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் அப்படிப் பார்த்தது அன்றுதான். பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"உனக்கு இது எம்புட்டு நாளா இருக்கு, தம்பி?"