இறக்கையில் கிடந்த ஓடு

பாலைவனத் தரையில் கற்களை ஒதுக்கி யாரோ வரைந்த பெரிய பறவை ஒன்று இருந்தது. அதன் இறக்கைக் கோட்டில், பாதி மணலுக்குள், ஒரு பானை ஓடு கிடந்தது.

"குப்பை மாதிரி என் மேல ஏன் கிடக்கிறே?" என்று பறவை சலித்துக்கொண்டது. "விமானத்துல வர்றவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? நான் மனுஷன் போட்ட கோடே இல்லையாம். வானத்துலேர்ந்து இறங்கினவளாம்."

"உன்னை வரைஞ்சவங்க தண்ணி குடிச்ச பானை நான்," என்றது ஓடு. "அன்னிக்கு வெயில் அப்படி."

"அதுக்குச் சாட்சி யாரு?"

இன்னொரு காற்று அடித்தால் ஓடு முழுக்கப் புதைந்துவிடும்.

நல்லவேளை, காற்றுக்கு முன்னால் ஆய்வாளர்கள் வந்தார்கள். குனிந்த தலை நிமிராமல் நடந்தார்கள். பறவையின் கழுத்தை மிதித்தார்கள், மார்பைத் தாண்டினார்கள். தரையில் நிற்பவர்களுக்கு அது பறவையே இல்லை, வெறும் தடம்.

ஓட்டைக் கண்டதும் ஒரு பெண் மண்டியிட்டாள். தூரிகையால் மணலைத் தள்ளினாள். ஈரக் களிமண்ணாக இருந்தபோது யாரோ அழுத்திய விரல்பள்ளம் விளிம்பில் தெரிந்தது. தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

"எல்லாரும் இங்க வாங்க," என்று கூப்பிட்டாள். "இங்க ஒரு ஆள் இருக்காங்க."

ஓட்டின் பக்கத்தில் அடையாளத்துக்குச் சிவப்புக் கொடி நட்டார்கள். ஓடு கொடி நிழலில் நிதானமாகப் பறவையின் பக்கம் திரும்பியது.

"என்னமோ கேட்டியே, இப்பக் கேளு."