கன்னத்துப் பொட்டு

குழந்தையைச் சுமக்கும் ஏழெட்டுப் பைகளை முதுகில் மாட்டிப் பார்த்த பிறகுதான் தாமரை இதை எடுத்தாள். கடையிலேயே குழந்தையின் முகத்தைத் தன் கேமராவில் பதிந்துகொண்டது பை.

“வேற புள்ளைய வெச்சா பூட்டிக்கிட்டு போலீஸைக் கூப்பிட்டுரும். புள்ள புடிக்கிறவன் பயமே வேணாம்மா,” என்றார் கடைக்காரர்.

மறுநாள் காலை கடற்கரைக்குக் கிளம்புகையில், கண்பட்டுவிடுமே என்று மகளின் கன்னத்தில் மையால் பெரிய பொட்டு வைத்தாள்.

பாதி வழியில் பை மறுபடி முகத்தைச் சரிபார்த்தது; வார்கள் இறுகின. “இது உங்கள் குழந்தை இல்லை,” என்றது பை.

தாமரையின் கை பின்னால் எட்டவில்லை. எதிரே வந்த பெண்ணிடம் கெஞ்சினாள்: “அக்கா, அந்தப் பொட்டைக் கொஞ்சம் அழிச்சு விடுங்க.”

அவள் துடைக்கத் துடைக்க மை முகமெல்லாம் அப்பியது. குழந்தை வீறிட்டது.

“காவலர் வருகிறார். அசையாதீர்கள்,” என்றது பை.

அந்தப் பெண் சட்டென்று கையை எடுத்தாள்.

“நெசமாச் சொல்லு, இது யார் புள்ள?”