காவேரியோட வண்டி

“இதென்ன கூத்து! பொண்டாட்டி வேர்த்து விறுவிறுத்து வண்டியோட மல்லுக்கட்டுறா, புருஷன் மரத்தடியில உக்காந்து டீ குடிக்கிறான்!”

வாக்கிங் வந்த பொன்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

விஜயநகர் மைதானத்தில் பழைய மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நின்றன. தன் வண்டியைத் தானே பழுது பார்த்து, தானே ஓட்டி முதலில் வருகிறவருக்குப் பரிசு. கொடியசைத்ததும் சாமுண்டி மலைக்குப் புறப்பட வேண்டும். கிளம்பாத வண்டிக்குப் போட்டியில் இடமில்லை.

மற்ற வண்டிகளெல்லாம் உறுமிக்கொண்டிருந்தன. காவேரியின் பி.எஸ்.ஏ. வண்டி மட்டும், உதைத்தால் திருப்பி உதைத்தது.

“தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா மேடம்?” என்றார் போட்டியை நடத்துகிற பரத்.

“தள்ளினா ஆகாதுங்க. பள்ளத்துல விழுந்து எழுந்து வந்ததுல, பொறி குடுக்குற மேக்னெட்டோவோட நட்டு லூசாயிருச்சு. டைமிங் நகர்ந்து போச்சு.”

“பேகா பேகா, சீக்கிரம்! நேரமாச்சு!” என்றவர் மரத்தடியைப் பார்த்துக் கை தட்டினார். “சார், நீங்களாவது வாங்க!”

அங்கே உட்கார்ந்திருந்த ஜடையன், வரவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். மடியில் குழந்தை, கையில் டீ.

பொன்னம்மா நேரே அவனிடம் போனாள்.

“ஏம்பா, உன் வண்டிதானே அது?”

“இல்லீங்கம்மா. அவ வண்டி.”

“அவ வண்டின்னா? அவ உன் பொண்டாட்டிதானே?”

“ஆமாங்க.”

“உனக்கு இந்த வேலையெல்லாம் தெரியாதா?”

“கொஞ்சம் தெரியுமுங்க.”

“தெரிஞ்சும் கல்லு மாதிரி உக்காந்திருக்கியே! டீ வேற கேக்குது!”

ஜடையன் சிரித்தான். கையிலிருந்த டீ ஒரு வாய்கூடக் குறையாமல் ஆடை கட்டிக் கிடந்ததைப் பொன்னம்மா கவனிக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரர் இப்படி உக்காந்திருந்தா டீயைத் தலையிலயே ஊத்தியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு, காவேரியிடம் வந்தாள்.

“ஏம்மா, அந்தாளைக் காதைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரட்டுமா?”

“வேண்டாங்க. அவரு அங்கயே இருக்கட்டும்.”

காவேரி பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை விட்டாள். கியரைப் போட்டுப் பின்சக்கரத்தை மெல்ல உருட்டினாள். உள்ளே பிஸ்டன் ஏற ஏறக் கம்பியும் ஏறியது. உச்சிக்குப் போனதும் சற்றே பின்னால் இறக்கி, கம்பியில் போட்டிருந்த கோட்டில் நிறுத்தினாள்.

“என்னம்மா, குழந்தைக்குக் காய்ச்சல் பாக்கிற மாதிரி பாக்கிறே!”

“ஊஞ்சல் ஆட்டுறோமில்லீங்க, அது மாதிரிதான்” என்றாள் காவேரி, கண்ணை எடுக்காமல். “ஊஞ்சல் நம்மகிட்ட வந்து திரும்புறப்பத் தள்ளணும். வந்துட்டிருக்கும்போதே தள்ளினா நம்ம கையைத்தான் முறிக்கும். போன பின்னாடி தள்ளினா வெறும் காத்தைத் தள்ளிட்டு நிக்கணும். பிஸ்டனுக்கும் அப்படித்தான். அது மேல வந்து திரும்புற நேரத்துக்கு நெருப்பு பிடிச்சுத் தள்ளணும். பிடிக்க ஒரு கண நேரம் வேணுமில்லீங்க, அதனால பொறி மட்டும் துளி முன்னாடி விழணும்.”

“இப்ப ரொம்ப முந்திக்கிட்டுத் தள்ளுதாக்கும்?”

“அதேதானுங்க!”

காவேரி பையிலிருந்து சிகரெட் சுற்றுகிற தாளை எடுத்தாள். பொன்னம்மா பதறிப்போனாள்.

“அய்யோ, இந்தப் பழக்கம் வேறயா!”

“குடிக்கிறதுக்கு இல்லீங்க. பாயின்ட் திறக்குற நேரம் பாக்குறதுக்கு. அது திறக்குறப்பதான் பொறி விழும்.”

மேக்னெட்டோவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சின்ன உலோக முனைகளுக்கு நடுவே தாளைக் கொடுத்து, மேக்னெட்டோவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். இறுக்கிப் பிடித்திருந்த தாள், ஓரிடத்தில் சட்டென்று வழுக்கிக் கையோடு வந்தது.

“இங்கதானுங்க பொறி!”

அசையாமல் நட்டை இறுக்கினாள். பிளக்கை மாட்டினாள். கைப்பிடியில் இருந்த சின்ன லீவரைப் பின்னுக்கு இழுத்தாள். “கிளப்புறப்ப மட்டும் பொறி கொஞ்சம் தாமதமா வரணுமுங்க. இல்லாட்டி கால் போயிரும்.”

பரத் கொடியைக் கையில் எடுத்துவிட்டார்.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு காவேரி ஓங்கி உதைத்தாள்.

“டப்.” அவ்வளவுதான். அடங்கிவிட்டது.

கூட்டத்தில் சிரிப்பு. “புருஷனைக் கூப்பிடுங்கப்பா!” என்று யாரோ கத்தினார்கள்.

மரத்தடியில் ஜடையன் குழந்தையோடு சடாரென்று எழுந்தான். காவேரியைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தான்.

இன்னொரு உதை.

“டப்... டப்... டப டப டப டப!”

லீவரை முன்னுக்குத் தள்ளினாள். திணறிய சத்தம் தெளிந்து கணீரென்று ஆனது. மைதானமே விசிலடித்தது. கொடி அசைந்தது. மலையேறும் வரிசையில் காவேரி முதல் ஆளாகப் பறந்தாள்.

திரும்பி வந்ததும் பரிசு அவளுக்குத்தான். தோளில் சால்வை போர்த்தி, சரிகை மின்னும் மைசூர் பேட்டா தலைப்பாகையை அவள் தலையில் வைத்தார் பரத். கிரீஸ் அப்பிய கையோடு காவேரி கும்பிட்டாள்.

“அம்மா பாரு! அங்க பாரு, நம்ம அம்மா!” என்று குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தான் ஜடையன்.

பொன்னம்மா விடுவதாக இல்லை.

“ஜெயிச்ச பிறகு குதிக்கத் தெரியுது! பக்கத்துல நின்னு ஒரு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பே?”

“போன வருஷம் அதைத்தானுங்கம்மா பண்ணேன்” என்றான் ஜடையன். “பேட்டாவை என் தலையில வெச்சுட்டாங்க.”