பச்சை அட்டை

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறீங்களா?"

தாதி சுலக்ஷனா மிஸ் இதை முதலில் கேட்டாரா, கடைசியில் கேட்டாரா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. வட்டகொடைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்து மருந்தறைக்குப் புதிதாக ஒரு படிவம் வந்திருந்தது. பத்துக் கேள்விகள். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களில் யாருக்கு இரத்தத்தில் சீனி திடீரென்று ஏறும், யாருக்கு இறங்கும் என்று கேட்டறிந்து தாதி அட்டை கொடுக்க வேண்டும். பச்சை என்றால் வழக்கம்போல மலைக்குப் போகலாம். சிவப்பு என்றால் மலை ஏறக்கூடாது. கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கீழே புல்வெட்டு. கங்காணி என்றால் அந்தப் பதவியே போய்விடும்.

முதலில் செல்லசாமி கங்காணி உட்கார்ந்தார். காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போடுவதாகச் சொன்னார். நடுக்கம், வேர்வை, கண் இருட்டுவது எதுவும் இல்லை என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி வீரம்மா சுவரிலிருந்த கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் பச்சை அட்டை.

வீரம்மாவுக்கும் அதே வருத்தம்தான். அவளும் எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். சீனியும் போடுவதில்லை என்றாள். இரத்தம் எடுக்கக் கையை நீட்டியபோது முந்தானை முடிச்சு மேசையில் தட்டியது. மிஸ் அவிழ்க்கச் சொன்னார். உள்ளே ஒரு துண்டு கருப்பட்டி.

"இது என்னாக்கா?"

வீரம்மா முடிச்சைத் திரும்பக் கட்டப் போனாள்.

"சீனி போடாம இதக் கடிச்சுக்கிட்டுக் குடிக்கிறீங்களாக்கும். யாரை ஏமாத்துறீங்க, என்னையவா, உங்களையவா?"

வீரம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார். வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள்.

"என்னோடதுதாங்க மிஸ்."

கருப்பட்டி மேசை இழுப்பறைக்குள் போனது. சிவப்பு அட்டை வீரம்மாவின் கைக்கு வந்தது.

"கங்காணி, நீங்க எவ்வளவு ஒழுங்கா இருக்கீங்க. இவங்களயும் கொஞ்சம் கவனிச்சுக்கங்க. இனிப்புக் கிட்டயே விடாதீங்க."

"சரிங்க மிஸ்."



மறுநாளே வீரம்மா கீழே புல்வெட்டுக்குப் போனாள். மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிவந்திருந்த கங்காணி, ஏழாம் நம்பர் மலையில் சீனி இறங்கி, வேர்த்து, நாக்குக் குழறி, தேயிலைச் செடிமேல் சரிந்தார். கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த நாகலெட்சுமி கீழே பார்த்துக் கூப்பிட்டாள்:

"வீரம்மாக்கா, கங்காணியோட கருப்பட்டிய எங்க வச்சிருக்கீங்க?"

யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்த சீனித் தண்ணியில் செல்லசாமி பிழைத்துக்கொண்டார், இப்போது அவருக்கும் சிவப்பு அட்டை, புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து கீழே புல் வெட்டுகிறார்கள். இழுப்பறையிலிருந்த கருப்பட்டியை எறும்பு தின்று தீர்த்தது. சுலக்ஷனா மிஸ் இன்னும் அதே பத்துக் கேள்விகளைத்தான் கேட்கிறார்.