முப்பத்தாறு வீடியோக்களில் இருப்பவள்

ஒன்பதாவது தடவையும் ஃபோன் திரையில் அதே வரிதான் வந்தது: ‘இவர் எங்கள் மாணவி ஜெனிட்டா அல்ல.’

பிரசவத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பை, மூன்று வருடம் கழித்துத் தொடர வந்திருந்தாள் ஜெனிட்டா. ஆன்லைன் வகுப்பில் விவாதம் என்றால், ஒவ்வொருவரும் தன் கருத்தை வீடியோவாகப் பேசி அனுப்ப வேண்டும். ‘பெண்ணும் வேலையும்’ என்ற தலைப்பில் அவள் நிதானமாகப் பேசி அனுப்பிய எதையும் கல்லூரியின் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை.

கல்லூரிக்கு ஃபோன் போட்டாள்.

“அக்கா, உங்க பழைய வீடியோ முப்பத்தாறு இருக்கு. அதுல இருக்கவங்கதான் எங்களுக்கு மாணவி,” என்றாள் அலுவலகப் பெண். “அவங்கள மாதிரியே பேசிருங்க. பத்தாவதும் தப்பாப் போச்சுன்னா கம்ப்யூட்டரே உங்க பேரை எடுத்துரும்.”

பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்தாள். அதில் மஞ்சள் சுடிதார் போட்ட ஒருத்தி, பேச்சுக்குப் பேச்சு வெடித்துச் சிரித்தாள்.

ஜெனிட்டா அந்தச் சுடிதாரைத் தேடியெடுத்து, கை இறுக மாட்டிக்கொண்டாள். ஃபோனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். “கல்யாணம் பண்ணிட்டு வீட்ல சும்மா இருக்கதுக்கு எதுக்குப் படிக்கணும்?” என்று வீடியோவில் இருந்தவளைப் போலவே கேட்டுவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

திரை பச்சையானது. ‘வாருங்கள், ஜெனிட்டா. படிப்பு முடியும்வரை இப்படியே இருங்கள்.’

காலடியில் விளையாடிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது. “அம்மா... அம்மா...” என்று அலறிக்கொண்டே, ஜெனிட்டாவைத் தாண்டி, அம்மாவைத் தேடி அடுக்களைக்குள் ஓடினாள்.